மேடையும் வினாவும்: சிங்கப்பூரில் சமூக அறிவியல் சொற்பொழிவுகளின் வரலாறும் கடமையும்

பல்கலைக்கழகம் ஒன்று தன் கதவுகளைத் திறந்துவைத்து, மாணவரல்லாத பொதுஜனங்களையும் உள்ளே அழைத்து, அவர்களுடைய கூலி, வீடு, வைத்தியம், கல்வி, முதுமை ஆகியவற்றைப் பற்றி அறிஞர்களைப் பேசச் செய்து, பேச்சு முடிந்தபின் வினவுகின்ற உரிமையையும் அவர்களுக்கு அளிக்குமானால், அங்கே நடைபெறுவது வெறும் உபந்நியாசம் என்று நாம் கருதிவிடக் கூடாது. அரசாங்கம் எந்த ஆதாரங்களைக் கொண்டு தன் முடிவுகளைச் செய்கிறது, அந்த ஆதாரங்களைப் பிரஜைகள் பரிசீலிப்பதற்கு வழி உண்டா, பரிசீலித்தவர்களின் அபிப்பிராயம் ஆட்சியாளர் செவிக்கு எட்டுமா என்னும் மூன்று பெரிய கேள்விகளுக்கும் அம்மண்டபத்திலேயே ஒருவாறு விடை கிடைக்கிறது. சிங்கப்பூரில் இத்தகைய சொற்பொழிவுகள் சென்ற இருபது ஆண்டுகளில் நன்கு வளர்ந்திருக்கின்றன. அவற்றின் வரலாற்றை ஆராய்ந்து, அவ்வரலாற்றில் தமிழர்களுக்குள்ள பங்கை எடுத்துக்காட்டி, இன்னும் நிறைவேறாதிருக்கும் கடமை ஒன்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் ஏறி டௌன்டவுன் தடத்தில் மேற்கே சென்றால் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. அதனருகே, புக்கிட் தீமா சாலையை ஒட்டிய மேட்டு நிலத்தில், 1928ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ராஃபிள்ஸ் கல்லூரியின் பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அக்கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் அரசர் மருத்துவக் கல்லூரியும் 1949இல் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகமாயின. அதன் சிங்கப்பூர்ப் பிரிவு 1962இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைப் பெற்றது. 1980இல் நன்யாங் பல்கலைக்கழகத்துடன் அது ஒன்றாக்கப்பட்டுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 2004இல் கிஷோர் மஹ்பூபானியை முதல் தலைவராகக் கொண்டு தொடங்கப்பெற்ற லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி இப்பழைய வளாகத்திலேயே இன்று இயங்கிவருகிறது. ஆட்சி முறையையும் சமூகத்தையும் ஆராயும் கல்விக்கு இந்நகரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது; ஏனெனில் அக்கல்வியின் முதல் வித்துக்கள் விழுந்த நிலமும் இதுவே.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பிந்திய சிங்கப்பூர், ஜனநெருக்கத்தாலும் வறுமையாலும் வாடிய நகரம். துயரம் கண்ணெதிரே இருந்தபோதிலும், அதன் அளவையும் காரணங்களையும் முறையாகக் கணக்கிட்டவர்கள் சிலரே. ராஃபிள்ஸ் கல்லூரியில் பயின்று, சமூகநலத் துறையில் உத்தியோகம் வகித்து, லண்டன் பொருளியல் பள்ளியிலும் கற்றுத் திரும்பிய கோ கெங் சுவீ, 1953-54இல் நடந்த சமூக ஆய்வின் அடிப்படையில் நகரவாசிகளின் வருமானத்தையும் குடியிருப்பையும் பற்றித் தயாரித்த அறிக்கை 1956இல் வெளியாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிங்டன் கே என்னும் அறிஞர், சைனாடவுனில் அப்பர் நான்கின் தெரு என்ற ஒரே தெருவின் குடும்பங்களை நுணுகி ஆராய்ந்து, 1960இல் அதனை நூலாக்கினார். அவ்வாண்டிலேயே வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தோன்றியது. தெருத் தெருவாகச் சென்று விவரம் சேகரித்த ஆராய்ச்சியும், அடுக்குமாடி வீடுகளாக எழுந்த கொள்கையும் இவ்வளவு அருகருகே பிறந்தமையால், சமூக ஆராய்ச்சி ஏட்டோடு நின்றுவிடும் வித்தை என்ற எண்ணம் இந்நாட்டில் வேரூன்றவில்லை.

1952இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிக் கல்விக்கென ஒரு துறை ஏற்பட்டது. அத்துறையில் சேர்ந்து, 1954இல் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டயம் பெற்றவர்களுள் ஒருவர், அப்பொழுது முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த தமிழ் இளைஞர் எஸ்.ஆர். நாதன். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறியும், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்தும், வாழ்க்கையின் கஷ்டங்களை நேரில் அறிந்த அவர், மருத்துவமனைச் சமூக ஊழியராகவும், பின் கடலோடிகளின் நல அதிகாரியாகவும், 1962 முதல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவிலும் பணிபுரிந்து, ராஜதந்திரத் துறையில் உயர்ந்து, 1999 முதல் 2011 வரை சிங்கப்பூர்க் குடியரசின் அதிபராக விளங்கினார். அதிபராவதற்கு முன், 1996இல், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தற்காப்பு, உத்திபூர்வ ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்து அதனை உருவாக்கியவரும் அவரே. நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து குடும்ப நிலையை விசாரித்தறிந்த ஒருவர் தேசத்தின் முதற்குடிமகனானார் என்பதில், அந்தச் சிறிய துறையின் கல்விக்கு வாழ்க்கையோடு இருந்த நெருக்கம் நன்கு விளங்கும்.

எனினும், பல்கலைக்கழகத்தின் குரலும் அரசாங்கத்தின் விருப்பமும் எப்பொழுதும் இசைந்து சென்றன என்று சொல்வதற்கில்லை. 1954ஆம் ஆண்டு, பல்கலைக்கழகச் சோஷலிஸ்டுச் சங்கத்தின் ‘ஃபஜார்’ பத்திரிகையில் வெளிவந்த ஒரு கட்டுரைக்காக எட்டு மாணவர்கள்மீது காலனி அரசாங்கம் ராஜத்துவேஷக் குற்றம் சாட்டியது; எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லையென்று நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. காலனி ஆட்சி போய்ச் சுயாட்சி வந்த பின்னரும் இவ்வுரசல் ஓய்ந்துவிடவில்லை. 1960 நவம்பரில் ஆங்கிலப் பேராசிரியர் டி.ஜே. என்ரைட் தம் தொடக்க விரிவுரையில், கலாசாரம் என்பது அரசாங்கம் திட்டமிட்டு உற்பத்தி செய்யக்கூடிய சரக்காகாது என்னும் கருத்துப்படப் பேசினார். அது மறுநாள் பத்திரிகையில் வந்தவுடன் அமைச்சர்கள் அவரை அழைத்துக் கடிந்துகொண்டார்கள். இந்நாட்டில் அவர் தங்கி வேலை செய்யும் உரிமை ரத்தாகும் என்ற அச்சுறுத்தலும் எழுந்தது. மாணவர்கள் கூடித் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவித்தார்கள்.

அப்பொழுது கலாசார அமைச்சராயிருந்தவர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, பத்திரிகையாளராய்ப் பெயர் பெற்ற எஸ். ராஜரத்தினம். பல இனத்தாரை ஒரே தேசத்தவராக்கும் பெருமுயற்சியில் ஈடுபட்டிருந்த அவர், அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் அம்முயற்சியை இலேசாகப் பேசியதைக் கண்டு வெகுண்டது விளங்கிக்கொள்ளத் தக்கதே. ஆயினும், பல்கலைக்கழக மேடையில் சொல்லப்பட்டதற்குப் பல்கலைக்கழக மேடையிலேயே பதில் சொல்லியிருந்தால், நாட்டுக்கு அதனால் எவ்வளவோ பிரயோஜனம் விளைந்திருக்கும் என்பது என் துணிபு. முடிவில் சமரசம் ஏற்பட்டு, என்ரைட் மேலும் பல ஆண்டுகள் இங்கேயே பணிபுரிந்தார். ஆனால் 1964 முதல் 1978 வரை, பல்கலைக்கழகத்தில் சேர விரும்புவோர் அரசாங்கத்திடம் தகுதிச் சான்று பெறவேண்டும் என்ற விதி இருந்ததையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். வினவுவதற்கு ஒரு மண்டபம் மட்டும் போதாது. வினவியதனால் தீங்கு நேராது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

அந்நம்பிக்கை மெல்ல மெல்லவே வளர்ந்தது. 1965இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தோன்றியது. 1968இல் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. இந்தியர் மலாயாவில் குடியேறிய வரலாற்றை 1969இல் பெருநூலாக வெளியிட்ட கெர்னியல் சிங் சந்து, 1972 முதல் இருபதாண்டுக்காலம் அதன் இயக்குநராயிருந்தார். ஷாரன் சித்திக், நிர்மலா புருஷோத்தம் ஆகிய இருவரும் சிராங்கூன் சாலை வட்டாரத்தின் நேற்றையும் இன்றையும் நாளையையும் ஆராய்ந்து எழுதிய நூலை 1982இல் வெளியிட்டதும் அக்கழகமே. பொதுக் கொள்கை பற்றிய விவாதத்திற்கென்றே 1988இல் கொள்கை ஆய்வுக் கழகம் ஏற்பட்டது. 2008இல் அது லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் அங்கமாயிற்று.

இக்கழகம் 2013இல் தொடங்கிவைத்த எஸ்.ஆர். நாதன் ஆய்வுறுப்பினர் பதவியே, நம் விஷயத்தின் மையமாகக் கொள்ளத்தக்கது. அப்பதவியை ஏற்பவர், ஒரு பொருளைப் பல கூறுகளாகப் பகுத்துக்கொண்டு, சில மாதக் காலத்தில் அடுத்தடுத்துப் பொதுச் சொற்பொழிவுகள் ஆற்ற வேண்டும்; ஒவ்வொன்றின் முடிவிலும் சபையோரின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும்; பின்னர் அவை கேள்வி பதில்களோடு நூலாக வெளிவரும். முதன்முதலில் அப்பதவியை ஏற்றவர் தொழிலதிபர் ஹோ குவோன் பிங். இளமையில் பத்திரிகையாளராக எழுதியவற்றிற்காக 1977இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டவர் அவர். 2014 அக்டோபர் முதல் 2015 ஏப்ரல் வரை, அரசியலும் ஆட்சியும், பொருளாதாரமும் தொழிலும், பாதுகாப்பும் நிலைபேறும், ஜனத்தொகையும் குடும்பமும், சமூகமும் தன்னடையாளமும் என ஐந்து தலைப்புகளில் அடுத்த ஐம்பதாண்டுச் சிங்கப்பூரைப் பற்றி அவர் பேசினார். ஆளுங்கட்சி ஆட்சியை இழக்க நேரிடக்கூடிய சந்தர்ப்பங்களையுங்கூட அமைதியாக எடுத்து ஆராய்ந்தார். ஒரு காலத்தில் எழுத்துக்காகக் காவலில் இருந்தவரே, முன்னாள் அதிபர் பெயரால் அமைந்த மேடையில் இதனைச் சொல்ல முடிந்தது என்பது, இந்நாட்டுப் பொதுவாழ்வு முதிர்ச்சியடைந்து வருவதற்கு ஒரு நல்ல சான்று.

அவருக்குப்பின் பிலாஹரி கௌசிகன் அயலுறவைப் பற்றியும், பீட்டர் ஹோ சிக்கல் மலிந்த உலகில் ஆட்சி நடத்தும் வகையைப் பற்றியும், டான் தை யோங் வரலாற்று நோக்கில் சிங்கப்பூர் என்னும் கருத்தைப் பற்றியும், அப்போது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத் தலைமை நிர்வாகியாயிருந்த சியோங் கூன் ஹியான் நகர வாழ்வின் எதிர்காலத்தைப் பற்றியும், 2021இல், அப்போது நாணய ஆணையத்தின் நிர்வாக இயக்குநராயிருந்த ரவி மேனன் பொருளாதாரமும் சமத்துவமும் இசையும் வழியைப் பற்றியும் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்கள். இவர்களில் பலர் கொள்கைகளைத் தம் கையாலேயே வகுத்தவர்கள். அதிகாரத்திலிருந்தவர், தாம் செய்தவற்றிற்கான காரணங்களைக் கோவையாக எடுத்துரைத்து, அறியாத ஒருவர் எழுந்து தொடுக்கும் கேள்விக்கு அங்கேயே மறுமொழி சொல்லக் கடமைப்படும்போது, உத்தரவாயிருந்தது நியாயமாக மாறுகிறது. நியாயமாகச் சொல்லப்பட்ட ஒன்றை மறுக்கவும் திருத்தவும் எவருக்கும் வழி பிறக்கிறது. அதிகாரத்தின் புறத்தே நின்று ஆராய்பவர்களின் குரலும் இத்துடன் சேர வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டியோ யூ யென், வாடகை வீடுகளில் வாழும் ஏழைக் குடும்பங்களை நெடுங்காலம் சந்தித்து எழுதிய ஏற்றத்தாழ்வு பற்றிய நூல் 2018இல் வெளியாகி, பல்லாயிரவரை இப்பொருளைப் பற்றிப் பேசச் செய்தது.

இவ்வளவு சிறப்பிருந்தும், குறை ஒன்று இருக்கிறது. இச்சொற்பொழிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 சதவீதத்தினரே வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசுபவர்கள். 2010இல் அது 32.3 சதவீதமாயிருந்தது. தமிழை அவ்வாறு பேசுவோர் அதே பத்தாண்டில் 3.3 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாயினர். ஆங்கிலம் பெருகிவருவதால் மொழிபெயர்ப்புக்கு இனித் தேவையில்லை என்று சிலர் வாதிக்கலாம். ஆனால், முதியோர் நலம், வைத்தியச் செலவு, குறைந்த கூலி ஆகிய கொள்கைகள் யாரை அதிகமாகத் தொடுகின்றனவோ அவர்களுள், நுட்பமான ஆங்கில விவாதத்தைப் பின்பற்ற இயலாதவர் பலர். நாடாளுமன்றத்தில் நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் உறுப்பினர் பேசலாம். உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. சட்டம் செய்கிற சபையில் தமிழுக்கு உள்ள இடம், அச்சட்டத்தின் காரணகாரியங்களை ஆராயும் சபையில் இல்லாமற் போவது பொருத்தமன்று.

தமிழ்ச் சமூகத்திற்கு மேடையும் சபையும் புதியவை என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் சிங்கப்பூரிலும் பேசினார். 1930களின் தொடக்கத்தில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது. 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ பத்திரிகையைத் தொடங்கினார். 1952இல் சாதி சமய வேறுபாடு கடந்து தமிழர் திருநாளைக் கொண்டாட வழிவகுத்தார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் யோசனை எழுந்து, சமஸ்கிருதத்திற்கு அதில் முதலிடம் தரவேண்டுமென்ற கருத்து வலுத்தபோது, இந்நாட்டு இந்தியரில் பெரும்பான்மையினரான தமிழரின் மொழியே அங்குக் கற்பிக்கப்பட வேண்டுமென்று வாதாடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதியைத் திரட்டியவரும் அவரே. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த எளிய மக்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசு, அத்துறையின் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. 1956இல் தமிழையே முக்கிய மொழியாகக் கொண்டு அத்துறை தொடங்கி, பின்னர்க் கோலாலம்பூருக்குச் சென்றது. பல்கலைக்கழகத்தின் வாசலை மிதித்திராத தொழிலாளர்கள், பல்கலைக்கழகம் என்ன கற்பிக்க வேண்டும் என்ற கொள்கை விவாதத்தில் கலந்துகொண்டு வென்ற வரலாறு இது.

இன்றைக்கும் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ்ப் பேரவைகளும், எழுத்தாளர் அமைப்புகளும், 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையமும் சொற்பொழிவுகளுக்குக் களமாகின்றன. பட்டிமன்றத்தில் வாதத்திறன் ஒளிர்கிறது. இலக்கிய உரையில் சொல்லின்பம் பெருகுகிறது. ஆயினும் வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று செல்லும் நம் கூட்டங்களில், கேட்டவர்கள் எழுந்து ஆதாரம் கேட்பதற்கு ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு. அவ்வாறு கேட்பது பேச்சாளருக்கு அவமரியாதையாகுமோ என்று நாம் தயங்குகிறோம். பேசப்படும் பொருளும் பெரும்பாலும் மொழியையும் இலக்கியத்தையும் சுற்றியே அமைகிறது. கூலியும் வாடகையும் ஓய்வூதியச் சேமிப்பும் தமிழ் மேடைக்கு அபூர்வமாகவே வருகின்றன. இவ்வாறு ஒரு மேடையில் வினாவும் ஆதாரமும் இருக்கின்றன, தமிழ்ச் சபை இல்லை. மற்றொரு மேடையில் தமிழ்ச் சபை இருக்கிறது, வினாவும் ஆதாரமும் போதிய அளவில் இல்லை.

இந்தப் பிளவு சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி, உணவு ஆகியவற்றை விசாரிக்கச் செய்தார். 1918இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியால் இருவேல்பட்டு முதலிய ஊர்கள் பொருளியல் உலகில் பெயர் பெற்றன. பிற்காலத்தவரும் அவ்வூர்களுக்கு மீண்டும் சென்று ஆராய்ந்தார்கள். குடியானவர் தமிழில் சொன்ன விடைகளே அந்நூலுக்கு ஆதாரம். நூலோ ஆங்கிலத்தில் இருந்தது. தங்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து, இது சரி, இது பிழை என்று சொல்லும் சந்தர்ப்பம் அக்குடியானவர்களுக்கு வாய்க்கவில்லை. இங்கிலாந்தில் வேறொரு முன்மாதிரி உண்டு. கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், க்ரூ நகரின் ரயில்வேத் தொழிலாளர்களிடமும் வடபகுதி நகரங்களின் பெண்களிடமும் நேரில் சென்று விரிவுரை நிகழ்த்திப் பெற்ற அனுபவத்தின் பயனாக, 1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் விரிவுரைகளை வளாகத்திற்கு வெளியே கொண்டுசெல்லும் முறையை அதிகாரபூர்வமாக மேற்கொண்டது. ஜனங்கள் இருக்குமிடத்திற்குப் பல்கலைக்கழகம் செல்வது கௌரவக் குறைவு அன்று என்பதற்கு நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் சாட்சியாயிருக்கிறது.

லிட்டில் இந்தியாவில் இதன் தேவை எவ்வளவு கடுமையானது என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2013 டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்குமிடத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தின்கீழ்ச் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, பொதுவில் சாட்சிகளை விசாரித்து, 2014இல் அறிக்கை அளித்தது. விபத்தைப் பற்றிய தவறான எண்ணங்களும் மதுவும் கலவரத்திற்கு முக்கிய காரணங்களென்றும், வேலை நிலைமைகளில் இருந்த அதிருப்தி காரணமன்றென்றும் குழு முடிவு செய்தது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, லிட்டில் இந்தியா விசேஷக் கட்டுப்பாட்டு வட்டாரமாயிற்று. அக்காலத்திலேயே சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள், காயமுற்றோ சம்பளம் கிடைக்காமலோ முறையிட்டுக் காத்திருக்கும் தெற்காசியத் தொழிலாளர்களின் மனவேதனையைக் கணக்கெடுத்து, அது மிகக் கொடியதாயிருப்பதைக் காட்டினார்கள். ஒன்று அரசாங்கத்தின் விசாரணை, மற்றொன்று பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி. இரண்டையும் ஒரே மேடையில் வைத்து, தமிழும் வங்காளமும் பேசும் அத்தொழிலாளர்கள் முன்னிலையிலேயே ஒப்பிட்டு ஆராய்ந்திருந்தால், அறிவும் நம்பிக்கையும் ஒருங்கே வளர்ந்திருக்கும்.

மற்றது 2020ஆம் ஆண்டுக் கொள்ளை நோய். தங்கும் விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்த வெளிநாட்டு ஊழியரிடையே கொரோனா பரவியது. அவர்களில் 47 சதவீதத்தினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததை அவ்வாண்டு டிசம்பரில் சுகாதார அமைச்சு தெரிவித்தது. விடுதிகளின் இட நெருக்கத்தைப் பற்றித் தொண்டு நிறுவனங்கள் முன்பே பேசிவந்தன. ஓர் அறையில் எத்தனை பேர், ஒரு கழிப்பறைக்கு எத்தனை பேர் என்ற விவரத்தை அங்கே உறங்கி எழுபவரைவிட நன்கு அறிந்தவர் யார்? அவருடைய அனுபவம் ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாகிறது. ஆராய்ச்சியின் முடிவு அவரிடம் திரும்பிச் சென்று, அவருடைய வினாவையும் திருத்தத்தையும் ஏற்றுக்கொள்ளும்போதுதான் அது முழுமை பெறும். உபகாரமாகச் செய்யவேண்டியது இதுவென்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி மெய்யாயிருப்பதற்கே இது அவசியம். தவறான கணக்கை முதலில் கண்டுபிடிப்பவர், அக்கணக்கில் தாமும் ஒருவராக எண்ணப்பட்டவரே.

ஆகவே, செய்யத்தக்கவை சில சொல்வேன். முதலாவதாக, பொதுக் கொள்கைச் சொற்பொழிவுகளுள் மக்களின் அன்றாட வாழ்வைத் தொடுபவற்றிற்கேனும் உடனுக்குடன் தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும்; அதற்குரிய திறமை நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வளர்ந்து இந்நாட்டிலேயே இருக்கிறது. இரண்டாவதாக, பேச்சின் சாரத்தையும் அதற்கு ஆதாரமான எண்களையும் நான்கைந்து பக்கத் தமிழ்ச் சிற்றேடாக முன்கூட்டியே கொடுத்தால், கேட்பவர் வெறுங்கையோடு வராமல் வினாவோடு வருவார். மூன்றாவதாக, ஆண்டில் சில சொற்பொழிவுகளேனும் ஞாயிற்றுக்கிழமையில், லிட்டில் இந்தியாவின் மண்டபங்களில் நடைபெற வேண்டும். அந்நாளில் அங்கே திரளும் ஊழியர்களும் சிராங்கூன் சாலை வணிகர்களும் சுற்றியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் முதியோரும் ஒரே சபையில் அமர்ந்து, தங்களைப் பற்றிய ஆராய்ச்சியைக் கேட்க வேண்டும். நான்காவதாக, தமிழ் அமைப்புகள் தங்கள் மேடைகளிலும் சமூக அறிவியலுக்கு இடமளித்து, உரைக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரத்தை வினாவுக்கும் ஒதுக்க வேண்டும்.

இவற்றுள் கடைசியானதே என் மனத்தில் மிக முக்கியமானது; ஏனெனில், அதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் எந்தப் பல்கலைக்கழகத்தின் பொருளுதவியும் தேவையில்லை. வருகிற தமிழ்மொழி விழாவிலேயே ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாம். ஆராய்ச்சியாளர் ஒருவர் முதியோரின் தனிமையைப் பற்றியோ, துப்புரவு ஊழியரின் கூலியைப் பற்றியோ, தமிழ்ப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியோ அரை மணி நேரம் எளிய தமிழில் பேசட்டும். மற்ற அரை மணி நேரம் சபையோர் வினவட்டும். வினாக்களையும் விடைகளையும் பத்திரிகை வெளியிடட்டும். பேச்சாளரிடம் ஆதாரம் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம், இவ்வாறு பலமுறை கேட்டுக் கேட்டே நீங்க வேண்டும். அன்று தங்கள் கூலியில் ஒரு பங்கை நிதியாக ஈந்து பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடிக்கொண்டவர்கள் நம் முன்னோர். அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூர் வாழ்வைப் பற்றிச் செய்கிற ஆராய்ச்சியில் தமிழர் வெறும் ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் நின்றுவிடாமல், அறிந்து வினவுகிறவர்களாகவும் இடம்பெற வேண்டும். அதற்குரிய பயிற்சியைத் தமிழ் மேடையே தொடங்கி நடத்துவதற்கு இன்று தடையாக நிற்பது எதுவுமில்லை.